பெட்டி மட்டும் காணும்

மன்னார் பசாருக்குப் பின்னால் இருக்கும் காமிலின் கடைக்குப் பழைய வால்வு றேடியோக்கள் பெரும்பாலும் செத்துத்தான் வரும். உப்புக் காற்றில் உள்ளெல்லாம் அரித்துப்போயிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மரப்பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கர் பூட்டிக் கொடுப்பான். பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகள் பலவற்றில் அவன் செய்த பெட்டிகள்தான் பாடின. அதில் அவனுக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

உயிலங்குளத்துத் தில்லைநாதன் தன் புது விடுதிக்கென்று ஸ்பீக்கர் பூட்டக் கொண்டுவந்த றேடியோ வேறு மாதிரி. அவருடைய தகப்பனுடையது. வயரை மாற்றி, பழுதான இரண்டு சாமான்களைப் புதிதாகப் போட்டதும், மெல்லச் சூடேறி, கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையமொன்றின் செய்தியைத் தெளிவாகச் சொன்னது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி முழுசாக ஒன்றைக் காமில் கண்டதில்லை. உடனே தில்லைநாதனை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினான்.

அவர் ஒரு நிமிடம் கேட்டார். இரைச்சல் அதிகம், வருகிறவர்கள் போனிலிருந்து பாட்டுப் போடத்தான் விரும்புவார்கள் என்றார்.

"அண்ணை, இது உயிரோடை இருக்கு. இதை அறுக்கச் சொல்றீங்களோ?"

"அப்பா செத்துப் பதினெட்டு வருசம். ஒருத்தரும் இதைப் போட்டுக் கேக்கேல்லை, காமில். பெட்டி கண்ணுக்கு முன்னாலை இருந்தாக் காணும், வேறையொண்டும் வேண்டாம்."

காமிலுக்கு மனம் வரவில்லை. தன்னிடம் கிடந்த அதே மாதிரிப் பெட்டியொன்றுக்கு மெருகு பூசி, ஸ்பீக்கர் பூட்டிக் கொடுத்தான். ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தே கொடுத்தான். மறுநாளே தில்லைநாதன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தகப்பனின் சுருட்டு பட்டுக் கருகிய தழும்பு மேற்பலகையில் இல்லை. களவெடுத்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார். தகப்பனின் பெட்டியிலேயே பூட்டித் தருவதாகக் காமில் ஒப்புக்கொண்டான். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அவர் போனதும், உள்ளிருப்பதை நோகாமல் எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துவிடலாமென்று திருகாணிகளைக் கழற்ற உட்கார்ந்தான். ஆத்திரம் அடங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகச் செய்யும்படி மனைவி ஆமினா சொன்னதை அவன் கேட்கவில்லை. கடைசி ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. பலமெல்லாம் கொடுத்துத் திருகினான். ஸ்குறூ டிரைவர் வழுக்கி நடுவிலிருந்த கண்ணாடி வால்வில் குத்தியது. கண்ணாடி உடைந்தது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தான். அந்த வால்வு ஒருவரிடமும் இல்லை; அது இல்லாமல் றேடியோ இனிப் பேசாது. 'நான் சொன்னேனே' என்று ஆமினா குத்திக்காட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த கிழமை தில்லைநாதன் வந்து, தகப்பனின் பெட்டியில் போன் பாட்டைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். பிறகு மேசையில் கிடந்ததைக் கண்டார்.

"உள்ளுக்கை இருந்தது இதுதானே? இதையும் தாங்கோ. கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைப்பம். பழசைப் பாக்க ஆக்களுக்கு விருப்பம்."

வால்வை உடைத்துவிட்டதைக் காமில் சொன்னான். பார்க்கத்தானே, பரவாயில்லை என்றார் அவர். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். தரமாட்டேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் பொருள் அவருடையது. பழைய பத்திரிகையில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தான்.