மண் பூதத்தை நாங்கள் எழுப்பினோம்

போன தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நான் வேலை பார்க்கிற ஜவ்வரிசி ஆலையில் நடந்தது இது. ஆலையின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்திதான் எழுதுகிறாள். ஏழாம் வகுப்பு. நான் ஊட்டுக்கு என்றால் அவள் வீட்டுக்கு என்று எழுதிக்கொள்கிறாள். எழுதட்டும். மனுசர்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவள் படித்த ஒரு புத்தகம். பிள்ளைகளுக்கான மாயக் கதை. அவள் பள்ளிக்கூடத்தில் அது கை மாறிக் கை மாறி அட்டையே கழன்றுபோனது. அந்தக் கதையைப் படித்த பிள்ளைகள் எல்லாம் சொட்டு மழை இல்லாத நாளிலும் குடை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இவள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். என் மகள் கோபம் வந்து அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டாள். பேத்தி அங்கேயும் கையை விட்டு எடுத்துவிட்டாள். மோப்பம் பிடிக்கிறதில் அவள் தாத்தா மாதிரி. அவர் கருவாட்டை எங்கே வைத்தாலும்... சரி, விஷயத்துக்கு வா என்கிறாள் பேத்தி.

அந்தக் கதையை ஒரு அம்மா வாய்விட்டுப் படித்த பதிவும் போனில் கிடைக்கிறதாம். என் மருமகன் போர்வெல் லாரியில் வடக்கே போகிறவர். புதுப் போன் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்திருந்தார். அதில் பேத்தி கதையை ஏற்றிக் கொடுத்தாள்.

"அம்மாயி, உனக்குப் படிக்க வராது, அதனால நீ கேளு. நீயும் கேட்டாத்தான் நாம ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேச முடியும்" என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது.

கதை இதுதான். ஒரு ஊரில் எல்லோருடைய நிழலையும் ஒரு ராணி திருடிக்கொண்டு போய்விடுகிறாள். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலே இல்லாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும் அந்தக் கஷ்டம். நிழல்களை மீட்டு வர ஒரு சின்னப் பெண் கிளம்புகிறாள். வழியில் அவளுக்கு ஒரு மண் பூதம் துணை சேர்கிறது. களிமண் உடம்பு, மலை மாதிரி உருவம், மனசு மட்டும் பச்சைப் பிள்ளை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் எந்நேரமும் குடையோடுதான் திரியும். பனி இறங்கினாலும் குடை. யாராவது அழுதால்கூட இரண்டடி தள்ளி நின்றுதான் ஆறுதல் சொல்லும். எனக்கு அந்தப் பூதத்தை அப்படிப் பிடித்துப் போயிற்று.

ஆலையில் எங்கள் வேலை குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தோல் சீவுவது. லாரியில் வந்து கொட்டுவார்கள், நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னக் கத்தியால் சீவுவோம். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே சீவி அரைத்தாக வேண்டும், இல்லையென்றால் கிழங்கு கறுத்துப் போகும். நான் சோறு கொண்டுபோன தூக்குப்போசியைக் கழுவி, அதற்குள் போனைப் போட்டு நடுவில் வைத்தேன். போசிக்குள் போட்டால் சத்தம் கணீர் என்று வரும்.

முதல் நாள் ஒரே கேலி. "ஏனக்கா, பல்லுப் போன காலத்துல பாப்பாக் கதையா? அடுத்தாப்புல தொட்டில் கட்டிப் படுத்துக்குவீங்களாட்ட" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வாய் நீளம் அவளுக்கு. இரண்டாம் நாள் எனக்கு முன்னே வந்து, போசியைத் தானே கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தவளும் அவள்தான்.

அப்புறம் எங்கள் மேஸ்திரி. ஜவ்வரிசி காய்கிற களத்தில் வெயிலுக்காக எப்போதும் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நல்ல ஆகிருதி. நாங்கள் அவருக்குப் பூதம் என்று பெயர் வைத்துவிட்டோம். பாசத்தில் வைத்த பெயர். அவருக்கு அது தெரியுமா? "பூதம் வருது, பூதம் வருது" என்று சிரிப்பது காதில் விழுந்து, மனுசன் மனசுக்குள் வைத்துக்கொண்டு பொருமியிருக்கிறார்.

நான் சொல்ல வந்த நாளில் மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிழல்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவருகிறாள். பின்னால் ராணியின் ஆட்கள் துரத்துகிறார்கள். முன்னால் ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. பூதம் என்ன செய்தது தெரியுமா? குடையை மடக்கியது. அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தது. அவளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. முழங்கால் கரைகிறது, இடுப்பு கரைகிறது, நெஞ்சு கரைகிறது. அவளை அக்கரையில் வைக்கும்போது இரண்டு உள்ளங்கை மட்டும்தான் மிச்சம். அப்புறம் அதுவும் இல்லை. அத்தோடு அந்தப் பாகம் முடிந்தது.

ஒரு கத்தியும் அசையவில்லை. வாய் நீளக்காரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு விசும்புகிறாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து நின்றார்.

"என்ன இது, எழவு ஊடா? லோடு வாசல்ல நிக்குது. எல்லாரும் மூக்கச் சிந்தீட்டு உக்காந்திருக்கறீங்க!"

"பூதம் செத்துப் போச்சுங் மேஸ்திரி" என்று அழுதாள் அவள்.

"நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றார் அவர், குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "எடு அந்தப் போனை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் போனைக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது. எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில், நோம்பி என்போம், உடுக்கை அடித்துக் கதை பாடுவார்கள். சண்டையில் வீரன் விழுகிற இடம் வந்துவிட்டால், கேட்கிறவர்கள் எழுந்து போகக் கூடாது. தீர்த்தம் தெளித்து அவனை எழுப்பிய பிறகுதான் வீடு. நடுவில் எழுந்தால் செத்தவனை அனாதையாகப் போட்டுவிட்டு வந்த மாதிரி. மடியில் பிள்ளை அழுதாலும் அசையாமல் உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள்.

"ஏனுங் மேஸ்திரி, உங்கூரு நோம்பில கதை பாடறப்ப, படுத்தவன எழுப்பறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"அது சாமி கதை. இது புள்ளைக கதை."

"செத்தவன் செத்தவன்தானுங்களே."

அவர் முகம் சிவந்தது. "இப்பக் கத்திய எடுக்கலீன்னா நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம். தோல் சீவற மெசினு ஒண்ணு போட்டா உங்க ஒருத்தியும் வேண்டாம்" என்றார்.

இதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். மகள் வீட்டில் எனக்குச் சோறு உண்டு, குறை இல்லை. ஆனால் என் வெற்றிலையை நானே வாங்க வேண்டும், பேத்தி கேட்கிற புத்தகத்துக்கு என் சுருக்குப்பையில் இருந்து நானே எடுத்துத் தர வேண்டும். இந்த வயதில் இந்த வட்டத்தை விட்டால் எனக்கு வேறு இடம் ஏது? எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்துக்கொண்டே கத்தியைத் தரையில் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு கத்தி தரையில் விழுந்தது. அப்புறம் வட்டம் முழுவதும்.

வாசலில் லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். மேஸ்திரி அங்கே பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மிச்சத்தப் போட்டுக் கேட்டுத் தொலைங்க. சீக்கிரம்" என்றார்.

மிச்சம் இருந்தது கடைசிப் பாகம். போட்டோம். அந்தப் பெண் ஊருக்குத் திரும்புகிறாள். எல்லோருக்கும் நிழல் கிடைக்கிறது. குடையைத் தன் வீட்டு வாசலில் மாட்டி வைக்கிறாள். பாட்டு வந்தது. கதை முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி.

"ஒரு சொல்லு கூட எழுப்பறதப் பத்திச் சொல்லலியே!" என்றாள் இன்னொருத்தி. எல்லோருக்கும் பொத்துக்கொண்டு கோபம். வேலையைப் பணயம் வைத்து உட்கார்ந்தது இதற்காகவா?

"முடிஞ்சுதில்ல? கத்திய எடுங்க" என்றார் மேஸ்திரி.

"முடியலீங்" என்றேன்.

"போனே முடிஞ்சுருச்சுன்னு சொல்லுது!"

"போனுக்கு என்னங் தெரியும்?"

அவர் குனிந்து போசிக்குள் இருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமேப்பட்டு இங்க போனு கிடையாது."

"வெச்சுக்கங்க சாமி. வாயி எங்ககிட்டத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். ஒரு கிழங்கை எடுத்தேன். சீவிக்கொண்டே மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆரம்பித்துவிட்டேனே தவிர, எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்தவனைத் தண்ணீர் தெளித்து எழுப்ப முடியுமா? எதிரே தொட்டியைப் பார்த்தேன். கிழங்கை அரைத்துப் பாலாக அதில் விடுவார்கள். பார்த்தால் வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். மறுநாள் காலையில் தண்ணீர் தெளிந்து, மாவு அத்தனையும் அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு அது என் கண்ணில் வேறு மாதிரி பட்டது.

"கரைஞ்ச மண்ணு எங்க போகும்? அங்கயேதான் கெடக்கும்" என்றேன். "அந்தப் புள்ள அழுதுட்டே ஓடிப் போயிட்டா. தண்ணி தெளியற வரைக்கும் நிக்கல. இப்பத் திரும்பி வாரா. கரையில உக்காந்துக்கறா. வெள்ளம் வடியுது, தண்ணி தெளியுது. அடியில பாத்தா நம்ம பூதம் வண்டலாப் படுத்திருக்குது. எறங்கி அள்ளறா. பெசையறா."

அவ்வளவுதான், வட்டமே ஆற்றில் இறங்கிவிட்டது.

"மூக்கக் கொஞ்சம் சின்னதா வெய்யிங்க்கா, மொதல்ல ரொம்பப் பெருசு."

"காத மறந்துராதீங்க."

"எல்லாஞ் செரி, வெயில்ல காஞ்சா வெடிச்சுருமே" என்றாள் வாய் நீளக்காரி. "மண்ணடுப்பு போட்டாலே நெழல்லதான வெக்கறோம்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. நிழலுக்கா பஞ்சம்? ஊர் நிழல் மொத்தத்தையும் அந்தப் பெண் மீட்டுக் கொண்டு வந்திருக்கிறாளே! ஊர் ஜனம் பூராவும் ஆற்றங்கரைக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று, பூதத்தின்மேல் தங்கள் நிழல் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்படிக் காய்ந்து, ஒரு விரிசல் இல்லாமல், மண் பூதம் எழுந்து உட்கார்ந்தது. எழுந்ததும் முதல் வார்த்தையாகக் குடை எங்கே என்று கேட்டது. ஒருத்தி குலவை போட்டாள். லோடு சீவி முடிந்திருந்தது. மேஸ்திரி குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம், பூதத்தை எழுப்பிவிட்டோம் என்று, தண்ணீர் தெளிந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்.

"எழுதுனவங்க அப்படி எழுதல அம்மாயி. நீங்களா மாத்தக் கூடாது. நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? அதெல்லாம் பொய்யா?"

"நாங்களும்தான் அழுதோம் கண்ணு. அழுதுட்டு எழுப்புனோம். நீ அழுதுட்டு உட்டுட்டே" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த வரியை எழுதும்போது இப்போதும் உதட்டைச் சுழிக்கிறாள்.

காலையில் வேலை இருக்கிறதோ இல்லையோ, நான் பாட்டுக்குப் போசியில் சோற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும் பின்னால் வந்தாள்.

"அம்மாயி, தண்ணி தெளிய எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு ராத்திரி."

உள்ளே ஓடிப்போய்த் தன் பூப்போட்ட குடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

ஆலை வாசலில் எங்கள் வட்டம் மொத்தமும் வெளியே நின்றுகொண்டிருந்தது. நான் இல்லாமல் ஒருத்தியும் உள்ளே போக மாட்டாளாம். மேஸ்திரி கறுப்புக் குடையோடு வாசலை மறித்து நின்றார். நான் பூப்போட்ட குடையை விரித்து அவருக்கு நேராகப் போய் நின்றேன். பின்னால் கொல்லென்று சிரிப்பு.

"மழையே காணோம், உனக்கெதுக்குக் கொடை?" என்றார்.

"உங்களுக்கெதுக்குங்?"

அவர் உதடு ஒரு ஓரமாக அசைந்த மாதிரி இருந்தது. அக்கட்டால நகர்ந்து வழி விட்டார். "போனு கூடாது" என்றார். மறு வாரம் அதையே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எனக்கு அது கறுப்பு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது. போனைக் கொண்டுபோவதில்லை, சரி. ராத்திரி பேத்தியோடு கேட்டுவிட்டு, பகலில் வாயால் சொல்கிறேன். வாய்க்கு இன்னும் அவர் எதுவும் ஒட்டவில்லை.

புத்தகத்தில் பூதம் இன்னும் ஆற்றோடுதான் கிடக்கிறது என்று பேத்தி சொல்கிறாள். கிடக்கட்டும், அது அந்தப் புத்தகத்தின் பாடு. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்து, அவ்வளவுதான், இது முடிந்துபோன கதை என்று சொன்னால், தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.