நாவலில் இல்லாத சட்டை

எட்டு முறை படித்த நாவல் படமாக வந்தது. ஸ்ரீரங்கம் வாசகர் வட்டத்தில் கிழிகிழியென்று கிழிப்பதற்காகவே, பேனாவும் தாளுமாகத் திருச்சி தியேட்டருக்குப் போனேன். நாவலைத் தொட்டே பார்க்காத மனைவியும் கூட வந்தாள். மாற்றியதையெல்லாம் இருட்டிலேயே குறித்துக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், நாவலில் பத்துப் பக்கம் அழுவாள். படத்தில் அழவே இல்லை. கொடியில் கிடந்த அவன் ஈரச் சட்டையை, மறுபக்கமும் காயட்டும் என்று திருப்பிப் போட்டாள். என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அந்தச் சட்டை வர்ற பக்கத்த எடுத்துக் குடுங்க, படிக்கறேன்" என்றாள்.

"அது புஸ்தகத்துல இல்ல."

"அடடா, இல்லையா?"

பென்சில் கோடுகூடப் போடாமல் காப்பாற்றிய புத்தகம் அது. அன்று அதன் ஓரத்தில் அந்தச் சட்டையை நானே எழுதினேன். ஒன்பதாம் முறை படிக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.