மீனுக்குப் போட்ட ஏசி

கடல்மீன் தொட்டி பராமரிப்பவன் மீனின் முகத்தைவிடத் தெர்மாமீட்டரின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பான். பவளமும் கோமாளி மீனும் இருக்கும் தொட்டியில் தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டும். மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை கழுவிச் சுட்டுக்கொள்ளும் பெரம்பலூர், அரியலூர் மக்களே, அதன் கஷ்டத்தை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

எனக்குக் கடை பெரம்பலூரில். அரியலூரில் எனக்கிருக்கும் ஒரே கடல் தொட்டி செல்வி வீட்டில். அவள் கணவர் குமார் துபாயில் கட்டட வேலை சூப்பர்வைசர். போன லீவில் ஆசை ஆசையாகத் தொட்டியை வைத்தார். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரையும் மாட்டினார். என்னையும் செல்வியையும் காவலுக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

ஐஸ் ட்ரே

பராமரிப்பு வேலை என்று ஒருநாள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். சில்லர் ஓடவில்லை. தண்ணீர் சுட ஆரம்பித்ததும் செல்வி ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ்கட்டிகளை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டாள். சூடு குறைந்ததோ இல்லையோ, உப்பு குறைந்துவிட்டது. நான் போனபோது கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டிக் கிடந்தன.

உப்பைச் சரிசெய்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் அடைத்து உறையவைத்து, மூடியோடு மிதக்க விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல தண்ணீர் கடல் மீனுக்கு ஆகாதம்மா என்றதற்கு அவள் கேட்டாள்: "இந்த வெயில்ல எனக்கே நாக்கு வறளுதுண்ணே, அதுங்களுக்கு மட்டும் தாகம் எடுக்காதா?"

பூப்போட்ட உறை

நம் வீடுகளில் டிவிக்குச் சட்டை உண்டு, மிக்ஸிக்குச் சட்டை உண்டு, ஃப்ரிட்ஜுக்குத் தலையில் ஒரு துண்டாவது உண்டு. சில்லர் மட்டும் என்ன பாவம் செய்தது? கரண்ட் ஒழுங்காக இருந்தும் தண்ணீர் சூடாகிறது என்று போன் வந்தது. அடித்துப்பிடித்து பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் சில்லர் கழுத்துவரை பூப்போட்ட உறை மாட்டிக்கொண்டு, காற்றுக்கு வழியில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் லேஸ் வேறு.

வந்த கோபத்துக்கு உறையை உருவி எறிந்தேன். செல்வி அதை எடுத்து மெதுவாக மடித்தாள். எனக்கு முகம் தொங்கிப்போனது. "தூசி படியுமேன்னு தெச்சேண்ணே. அவரு ஆசையா வாங்கி வெச்சது."

துபாய் போன்

அக்னி நட்சத்திரம். செல்விக்கு ஏழாம் மாதம். ஹாலில் ஏசி இருந்தும், விருந்தாளி வந்தால்தான் போடுவாள். மற்ற நேரமெல்லாம் ஃபேனுக்கடியில் வேர்த்து ஊற்றும். சரியாகத் தூங்கவும் மாட்டாள். தொட்டியும் அதே ஹாலில்தான். ஏசி இல்லாமலே சில்லர் சமாளித்துவிடும். அதை நானே குமாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குமார்தான் கூப்பிட்டு, ஏசி ஓடாவிட்டால் பவளம் செத்துப்போகும் என்று செல்வியிடம் சொல்லச் சொன்னார். எதற்கு இந்தப் பொய் என்றேன். "அவளுக்குன்னா போடவே மாட்டாண்ணே. மீனுக்குன்னு சொல்லுங்க, ராவும் பகலும் ஓட்டுவா."

சொன்னேன். அன்றே பாயைத் தொட்டியோரம் போட்டுக்கொண்டாள்.

ஸ்டெபிலைசர்

ஒருநாள் காலையில் ஏசியின் ஸ்டெபிலைசர் புகைந்துவிட்டது என்று போன் வந்தது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. ஹால் அடுப்படி மாதிரி இருந்தது. தொட்டியில் தெர்மாமீட்டர் மட்டும் இருபத்தாறில் அசையாமல் நின்று என் மானத்தை வாங்கியது. மெக்கானிக் ஸ்டூலில் ஏறி வேலையைப் பார்க்க, நான் பவளத்தைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டிருந்தேன்.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சில்லரே போதும்னு எனக்கு அப்பவே தெரியும்ணே. அங்க அவரு வெயில்ல நிக்கிறாரு, நான் குளுமையா படுத்திருக்கேன்னு நெனச்சாதான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க."

பொய் சொல்லச் சொல்லி ஒருவர், அது தெரியும் என்று சொல்லாதே என்று இன்னொருவர், நடுவில் இருபத்தாறு டிகிரியைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்.