மன்னிப்புப் படிவத்தில் போடாத கையெழுத்து

என் அக்காவை மருத்துவமனையில் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை ‘பாய்லர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைப் பிரிவுக்கு நீராவி கொடுக்கும் கொதிகலனை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வேலையால் வந்த பெயர் என்பாள். குணத்தால் வந்தது என்பேன் நான். செருப்புக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்தே பழகியவன் நான், எனக்குக் கோபம் அவ்வளவாக வராது. எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய கோபம் மொத்தத்தையும் அவளே வாரிக்கொண்டாள்.

எங்கள் தாத்தா போர்க்காலத்தில் கடற்படைக் கப்பல் ஒன்றில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், வீரப் பதக்கம் வாங்கியவர் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதக்கம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கவெல்லாம் இல்லை. போருக்குப் பிறகு தாத்தா வேலை பார்த்த பம்ப் அறையின் சாவிகளை அதன் வளையத்தில்தான் கோத்து வைத்திருந்தார். ஓரத்தில் பொறித்திருந்த எண் தேய்ந்து, கடைசி மூன்று இலக்கம்தான் மிச்சம். அப்பாவுடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, பதக்கப் பேச்சை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் துறைமுகத்தில் ஒரு சுவர் எழுப்பப்போவதாக அறிவித்தார்கள். போரில் பணிபுரிந்த உள்ளூர் மாலுமிகள் அத்தனை பேருடைய பெயரையும் கல்லில் வெட்டுவார்களாம். பட்டியலில் தாத்தா பெயர் இல்லை. அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பினாள். அவள் யாரையாவது கடித்துவைத்துவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

அங்கிருந்த குமாஸ்தா தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பேரு இருக்குதும்மா. ஆனா பக்கத்துல ‘ஓடிப்போனவர்’னு போட்டிருக்கு. கப்பல் மேல குண்டு விழுந்த அன்னிக்குக் காலைல பத்து இருபதுக்கு எல்லாரையும் மேல்தளத்துல நிக்க வச்சு ஆள் எண்ணியிருக்காங்க. உங்க தாத்தா அதுல இல்ல.”

“அவருக்கு மெடல் குடுத்திருக்காங்களே சார்.”

“ஓடிப்போனவருக்கு யாரும்மா மெடல் குடுப்பா? பழைய சாமான் கடையில எத்தனையோ கிடைக்குது. மெடல் குடுத்த புத்தகம் இப்ப எங்ககிட்ட இல்ல, நான் எதை நம்புறது?”

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதரும் கெட்டவர் இல்லை, பாவம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்து நீட்டினார். இந்த மாதிரி ஆட்களுக்கென்று பொதுமன்னிப்பு உண்டு, மகன் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டால் போதும், மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் பெயர் சுவரில் ஏறிவிடும் என்றார்.

உயிரோடு இருக்கும் ஒரே மகன் பெரியப்பாதான். வயது எழுபத்தொன்பது. படிவத்தைக் கண்டதும் அவர் முதலில் தேடியது பேனாவை. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பெரியப்பா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“எட்டு வயசுலயே தெரியும். தபால் ஆபீஸ் கதவுல லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க. பள்ளிக்கூடம் முழுக்க நான் ஓடிப்போனவன் பையன். ஒரு தடவை அவரையே கேட்டேன். ‘நான் ஓடலடா, கீழ இருந்தேன்’னாரு. மேல அத்தனை பேர் நிக்கறப்ப இவரு கீழ ஒளிஞ்சிருந்தாருன்னுதானே அர்த்தம்? அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல.” பேனா மூடியைத் திறந்தார். “மன்னிப்புதானே, கேட்டுட்டுப் போறேன். சாகறதுக்குள்ள அந்தப் பேரைக் கல்லுல பார்த்துடறேன்.”

அக்கா படிவத்தை அவர் கைக்கு அடியிலிருந்து உருவினாள். “பத்து நாள் பொறுங்க பெரியப்பா. நான் சொல்றேன்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பெரியப்பா பக்கம்தான் இருந்தேன். செத்துப்போனவருக்கு ரோஷம் எதற்கு, பெயர் வந்தால் சரி என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அதற்கு அக்கா திட்டியதை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து காப்பகமே கதி என்று கிடந்தாள். மாலுமிகளின் கோப்புகள் தீர்ந்ததும் கப்பலின் மற்ற புத்தகங்களைக் கேட்டாள். “கொதிகலன் ரூம் புத்தகம் ஒண்ணு இருக்கு. வெறும் எண்ணுங்கம்மா, அதை யாரும் கேக்கறதில்ல” என்றார் குமாஸ்தா. “நான் கேக்கறேன்” என்றாள் இவள்.

ஆறாவது நாள் என்னையும் கூட்டிப்போனாள். எனக்குத் தெரிந்தது கட்டம் கட்டமாக எண்களும் நடுநடுவே பென்சில் புள்ளிகளும்தான். அவளோ யாரோ தனக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனாள். திடீரென்று ஒரு வரியில் விரலை நிறுத்தி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“அரை மணிக்கு ஒரு தடவைதான் அளவு எழுதுவோம்” என்றாள் மெதுவாக. “குண்டு விழுந்ததுல இருந்து பாரு. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய் பொய் சொல்லுதோன்னு சந்தேகம் வந்தா, அதைத் திறந்துவிட்டு, நெசமாவே உள்ள தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு ஒரு புள்ளி வைப்போம். நானும் வைப்பேன். இதுல ஒவ்வொரு வரியிலயும் புள்ளி இருக்குது. தண்ணி குறைஞ்சா பாய்லர் வெடிச்சிடும், நெருப்பை அணைச்சா கப்பல் நடுக்கடல்ல நின்னுடும். ஒரு ஆள் பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கான்டா.”

எழுதியவர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தன் பணி எண்ணைப் போட்டிருந்தார். தாத்தாவின் கோப்பில் இருந்த அதே ஐந்து இலக்கம்தான், கடைசி மூன்று எங்கள் சாவி வளையத்தில் இருந்த மூன்று. பத்து பத்துக்கு எல்லாரையும் மேலே வரச் சொல்லி மணி அடித்ததும் அதில் குறித்திருந்தது. பத்து இருபதுக்கு மேல்தளத்தில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. பத்து முப்பதுக்கு அடுத்த வரி. கப்பல் துறைமுகம் சேர்ந்த பன்னிரண்டு ஐம்பது வரைக்கும் ஒரு வரி விடுபடவில்லை.

குமாஸ்தா எழுந்து வந்து இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஆள் எண்ணினவங்க கீழ போய்ப் பாக்கலியேம்மா. மெடல் குடுத்தவங்க இதைப் பார்த்துத்தான் குடுத்திருக்கணும், அந்தப் பதிவைத் திருத்தத்தான் யாருக்கும் தோணல” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் பதிவைத் திருத்த மேலிடத்துக்கு எழுத வேண்டும், வருடக்கணக்கில் ஆகும், மன்னிப்புப் படிவம் என்றால் இந்த மாதமே முடிந்துவிடும் என்றார்.

பெரியப்பாவிடம் நகலைக் காட்டினோம். அவருக்கும் எண்கள் எண்களாகத்தான் தெரிந்தன. அக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. மறுநாள் காலை அவரைத் தன் கொதிகலன் அறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கு எதிரே நிறுத்தினாள்.

“ஒரு வரி எழுதற நேரம் நில்லுங்க பெரியப்பா. பத்து நிமிஷம்.”

நான்காவது நிமிடத்தில் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்கா குழாயைத் திறந்துவிட்டதும் நீராவி சீறியதில் நான் வாசலுக்கு ஓடினேன். எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே ஓடிப்போனவன் நான்தான். பெரியப்பா நின்றார். துணி சுற்றாமல் வால்வுச் சக்கரத்தில் கை வைக்கப் போனவரை அக்கா பிடித்து இழுத்தாள்.

“தொடாதீங்க, தோல் உரிஞ்சிடும்.”

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றார். “அப்பாவுக்கு விரல் மடங்காது” என்றார். “தினமும் காலைல சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். அதுவும் எனக்கு வெக்கமா இருக்கும். எப்படி ஆச்சுன்னு கேட்டதில்ல.” பிறகு எழுபத்தொன்பது வயது மனிதர் விசும்பி விசும்பி அழுதார். “பத்து நிமிஷம் ஆயிடுச்சா?” என்று கேட்டார். ஏழுதான் ஆகியிருந்தது.

அன்று மதியமே காப்பகத்துக்குப் போய், படிவத்தின் குறுக்கே பேனாவால் பெரிய கோடு போட்டு குமாஸ்தாவிடம் கொடுத்தார். “நாங்க மன்னிப்புக் கேக்க மாட்டோம். நீங்க திருத்துங்க.”

“இந்தச் சுவர்ல பேரு வராது ஐயா.”

“வராட்டிப் போகட்டும்.”

வரவில்லைதான். திறப்பு விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். அக்கா தன் காக்கிச் சீருடையிலேயே வந்தாள். சாவிகளைக் கழற்றிவிட்டு, பதக்கத்தை ஊக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். இது யாருடையது என்று வாயில் காவலர் கேட்டார். “இந்தச் சுவர்ல இல்லாதவரோடது” என்று அக்கா சொன்ன சத்தத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். எனக்கு வழக்கம்போல் கூச்சம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் பட்டது.

அதன் பிறகு பதினான்கு மாதம். அக்காவின் வார விடுமுறை ஒவ்வொன்றும் காப்பகத்து பெஞ்சிலேயே கழிந்தது. கடைசியில் ‘ஓடிப்போனவர்’ என்ற சொல் நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதில் ஒரு வருத்தம், ஒரு மரியாதைச் சொல் கிடையாது. அக்கா அதற்கும் பதில் எழுதிக் கண்டித்தாள்.

தாத்தா பெயரைச் சுவரில் சேர்க்க உத்தரவு வந்ததும், கல்லில் பெயர் வெட்டுபவர் எங்களை அங்கே வரச் சொன்னார். தலையைச் சொறிந்தபடி நின்றார்.

“பேருங்க எல்லாம் அகர வரிசைல வெட்டியாச்சுங்க. நடுவுல நுழைக்க இடமில்ல. எல்லாப் பேருக்கும் கீழ, கடைசியாத்தான் வெட்ட முடியும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அக்கா வாயைத் திறந்தாள். பெரியப்பா அவள் தோளில் கை வைத்து அடக்கிவிட்டு முன்னால் போனார். சுவரைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“கடைசியிலயே வெட்டுங்க. அன்னிக்குக் கீழ இருந்து கடைசியா ஏறி வந்தவரு எங்கப்பாதான்.”