என் ஸ்லைடு மட்டும் நீலம்

அவள் எங்கள் லேபில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மதுரையில் ஒரு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவள். நானோ இந்தக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் ஆளாக நுழைந்து, லேப் வேலையைப் பார்த்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டவன். பத்து வருஷமாக அங்கே ரத்தம் பார்த்தது நான் ஒருவன்தான். எட்டயபுரம், புதூர்ப் பக்கமிருந்து யார் காய்ச்சலோடு வந்து இறங்கினாலும் விரலை என்னிடம்தான் நீட்ட வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்து, சாயம் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கழுவுவோம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்து வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரிக்க வேண்டும். மொத்தம் நூறு எண்ண வேண்டும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். நாலு காலித் தீப்பெட்டிகளைத் திறந்து வரிசையாக வைத்துக்கொள்வேன். கண்ணை எடுக்காமல், வந்த அணு எந்த வகையோ அந்தப் பெட்டியில் ஒரு குச்சி போடுவேன். தீப்பெட்டி செய்கிற ஊரில் வேறென்ன வேண்டும்? அவள் சாதாரணமாகப் பென்சிலால் கோடு கிழித்து எண்ணினாள். எண்ணட்டும், என்னைவிட வேகமாக எண்ண வேண்டுமா?

ஒரு நாள் டாக்டர் எங்கள் இரண்டு பேர் ஸ்லைடையும் அடுத்தடுத்துப் பார்த்தார். அவளுடையது ரோஸ் நிறம். என்னுடையது நீலம். "பாரும்வே, ஸ்லைடுன்னா இப்படி இருக்கணும்" என்றார் என்னிடம், அவளுடையதைக் காட்டி. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் சாயத்தில் எதையோ கலக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புட்டியை முகர்ந்தேன். என்னுடைய அதே சாயம். புட்டிகளை மாற்றியும் வைத்தேன். அப்போதும் அவளுக்கு ரோஸ், எனக்கு நீலம். பின்கட்டுக் கிணற்றடியில் அவள் ஸ்லைடு கழுவும் பக்கம் மட்டும் நான் போவதில்லை. எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று பேர் வந்துவிடக் கூடாதே. அவளிடம் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

இப்படியே எட்டு மாதம் போனது. அப்போது தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தாள். மூன்று மாத இருமல், இளைப்பு. நெஞ்சுப் படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். "சம்மந்தக்காரவியளுக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான் அய்யா" என்று அம்மா என்னிடமே வந்து அழுதாள். சளியை நான் மூன்று தடவை பார்த்தும் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணு ஏறியிருந்தால் இது வேறு இருமல், இல்லாவிட்டால் மறுநாள் காசநோய் சானடோரியத்துக்குச் சீட்டு எழுதுவதாகச் சொன்னார்.

நான் எண்ணினேன். ஈஸ்னோபில் அணு நூற்றுக்கு ஆறு, யாருக்கும் இருக்கிற அளவுதான். என்னோடு விடாமல் டாக்டர் அவளையும் தனியாக ஒரு ஸ்லைடு போட்டு எண்ணச் சொல்லியிருந்தார். அவள் அறுபத்திரண்டு என்று எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மாட்டினாள்! அவள் தப்பை நிரூபிக்க அவளுடைய ஸ்லைடையே மைக்ராஸ்கோப்பில் வைத்து, பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்தேன். பார்த்த இடமெல்லாம் மாதுளைமுத்து அடைத்த மாதிரி சிவப்புப் பொடி நிறைந்த அணுக்கள். ஈஸ்னோபில் பெட்டி நிரம்பிக் குச்சிகள் தரையில் உருண்டன. அப்புறம் என் ஸ்லைடை எடுத்தேன். அதே அணுக்கள் அதிலும் இருந்தன. எல்லாம் நீலமாக இருந்ததால் அவற்றை நான் வேறு பெட்டியில் போட்டிருந்தேன்.

அவள் ஸ்லைடு என் கையிலிருந்து நழுவி உடைந்தால் போதும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. வெளியே பெஞ்சில் அந்தப் பெண் இருமிக்கொண்டிருந்தாள். என் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் சீட்டை டாக்டரிடம் கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, இரண்டையும் பார்த்தால் சிரிப்பார் என்ற பயம்தான். "ஈஸ்னோபீலியாதான், மாத்திரையில போயிரும்" என்றார் டாக்டர். அந்த அம்மா ஓடிப்போய்க் கும்பிட்டது என்னையல்ல, சீட்டு எழுதிய அவளை. அதையும் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் கேட்டே விட்டேன். "ஒன் ஸ்லைடு மட்டும் எப்படிம்மா செவக்குது?"

"தண்ணிதான் அண்ணாச்சி. நம்ம கெணத்துத் தண்ணி உப்பு, சாயத்தை நீலமாக்கிரும். நான் பஸ் ஒர்க்‌ஷாப்புல பேட்டரிக்கு ஊத்துத உப்பில்லாத தண்ணி வாங்கிக் கழுவுதேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"வந்த மூணாம் நாளே சொன்னேனே. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியான்னு சத்தம் போட்டீய."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் போன பிறகு லேப் நோட்டைப் புரட்டினேன். இருமல் என்று வந்தவர்கள் பெயர்களுக்கு நேரே என் அழகான கையெழுத்தில் ஈஸ்னோபில் நாலு, ஆறு, மூன்று. அதில் ஒரு மில் தொழிலாளிக்கு ஐந்து. அவரைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருந்தோம். வேலை போய், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவருக்கு இருந்தது எந்த நோய் என்று இனிப் பார்க்க முடியாது. அவர் ஸ்லைடைத் துடைத்து அடுத்த ஆளுக்கு எடுத்துவிட்டேன்.

அவர் வந்த அன்று அவளும் லேபில்தான் இருந்தாள். "நான் ஒரு தடவை பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். ஒன் வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டேன்.