பலகை விலை

திருச்சி காந்தி மார்க்கெட்டில் சில்லறைக்கு அரிசி விற்ற வெள்ளையம்மாளிடம் இரண்டு விலை இருந்தது. ஒன்று சர்க்கார் சொன்ன விலை. அது கடை முன்னால் பலகையில் தொங்கும். அந்த விலைக்கு யாரும் அங்கே அரிசி வாங்கியதில்லை. இன்னொன்று விற்கிற விலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வெள்ளிக்கிழமைதோறும் விலைவாசி எழுதப் பிலோமின்ராஜ் வருவார், சர்க்கார் சம்பளக்காரர். "என்ன விலைம்மா?" என்பார். அவள் பலகையைக் காட்டுவாள். எழுதிக்கொண்டு, தன் பையை நீட்டி, விற்கிற விலையைக் கொடுத்து அரிசி வாங்கிப் போவார். மார்க்கெட் முழுக்க அப்படித்தான். உள்ளதைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும்.

அவள் புருஷன் தர்மராஜ் மில் தொழிலாளி. திருச்சி விலைவாசிக் கணக்கைப் பார்த்துத்தான் அங்கே சம்பளத்தோடு பஞ்சப்படி போடுவார்கள். தீபாவளிக்கு முன் நோட்டீஸ் ஒட்டினார்கள்: விலைவாசி இறங்கிவிட்டதால் பஞ்சப்படி குறைகிறது.

"எறங்கிருச்சாம் புள்ள! எந்த ஊர்ல? எந்தப் புண்ணியவான் சொன்னான் இவங்களுக்கு?"

"நான்தான் சொன்னேன். நானும் மார்க்கெட்டும்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "இந்த வாரம் உள்ளதைச் சொல்லிரு. நீ ஒருத்தி சொன்னா மத்தவங்களும் சொல்வாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை சொன்னாள். பிலோமின்ராஜ் பேனாவை மூடினார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. எழுதிடுவேன்."

"எழுதுங்கய்யா. நீங்க கொடுக்கற விலைதானே?"

எழுதினார். பக்கத்துக் கடைகள் பலகையையே காட்டின.

மறுவாரம் சப்ளை ஆபீஸ் ஆட்கள் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடையைப் பூட்டினார்கள். அவள் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். போகும்போதெல்லாம், பொருட்காட்சி திறக்க மந்திரி வருகிறார், எல்லாரும் அந்த வேலையாகப் போயிருக்கிறார்கள் என்றார்கள். விலைவாசி கட்டுக்குள் இருப்பதாகப் பொருட்காட்சி வளைவில் கலர் பல்பு போட்டு எழுதியிருந்தார்கள்.

வளைவின் கீழே பிலோமின்ராஜ் தென்பட்டார்.

"நான் சொன்ன விலையைக் கணக்குல சேர்த்தாங்களா?"

"ஒரு கடை மட்டும் தனியா நிக்குதுன்னு மேல இருக்கறவங்க கோடு போட்டு அடிச்சுட்டாங்கம்மா. பலகை விலையையே போட்டுட்டாங்க."

"அப்ப எதைப் பார்த்து என் கடையைப் பூட்டினாங்க?"

"அடிச்சதைப் பார்த்துத்தான்."

தை மாதம் பஞ்சப்படி இன்னும் குறைந்தது. தர்மராஜ் கிடைத்த ஷிப்டுக்கெல்லாம் போனான். வெள்ளையம்மாள் ஓர் அரிசி மண்டியில் சாக்குத் தைக்கும் கூலிக்குச் சேர்ந்தாள். அங்கே அவளிடம் யாரும் எந்த விலையும் கேட்கவில்லை.