மலைப்பாதையில் அணைந்துபோன கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் அவரை 'ஹைவே' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து லாரி ஓட்டியவர். வீட்டில் படுத்த இரவுகளைவிட வண்டியில் படுத்த இரவுகள்தான் அவருக்கு அதிகம். மகள் பிறந்த செய்தி டீசல் போடும் இடத்தில் வந்தது. அவள் முதன்முதலாக நடந்த செய்தி ஒரு சுங்கச்சாவடி வரிசையில் வந்தது. மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, அடுத்தவர்களின் சட்டையையும் கால்சட்டையையும் அளவு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "என் புருஷன் எனக்கு விருந்தாளி மாதிரி. வருவார், சாப்பிடுவார், போயிடுவார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அதில் பாதிதான் சிரிப்பு.

பக்கவாதம் வந்த அன்று அவர் நல்லவேளையாக வீட்டில் இருந்தார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், "இந்தக் கை ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டார். கேட்டது குழறலாக வந்தது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு திரும்பியிருந்தது. இடது கையும் ஏதோ கொஞ்சம் பிடித்தது. இடது கால்தான் கட்டையாகக் கிடந்தது. தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. மனைவி தோள் கொடுத்தால், அந்தக் காலைத் தரையில் இழுத்துக்கொண்டே கழிப்பறை வரை போவார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த தெரபிஸ்ட் அம்மாள், "காலைத் தூக்கப் பாருங்க, கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்பார்.

"நான் சொன்னா அது கேக்கணுமே. அது இப்ப யார் காலோ" என்பார் இவர்.

நாளாக ஆக முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். தெரபிஸ்ட் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்திருப்பார். சவரம் செய்யமாட்டார். மனைவி என்ன கேட்டாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்தில் பதில் முடிந்துவிடும். வாழ்நாளெல்லாம் ஓடிய மனிதர் சுவரைப் பார்த்தே பொழுதைப் போக்கினார்.

அப்போதுதான் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினாள். கூட வேலை செய்யும் ஒருவர் கேம் ஆடிவிட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். கூடவே மேஜையில் முடுக்கி வைக்கும் ஸ்டியரிங், தரையில் வைக்க ஆக்சிலேட்டரும் பிரேக்கும். உள்ளே லாரி ஓட்டும் கேம் ஒன்று.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுந்து நிக்க முடியாத மனுஷனுக்கு விளையாட்டுச் சாமானா வாங்கிட்டு வருவ?"

"ஒரு தடவை உக்காரட்டும்மா. பிடிக்கலன்னா நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

அவரும் முதலில் முறைத்தார். பிறகு மகளின் முகத்துக்காக உட்கார்ந்தார். திரையில் ஒரு லாரியின் முகப்பு, கண்ணாடிக்கு வெளியே நீண்ட சாலை. வலது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். இடது கையை மகள் எடுத்து வைத்தாள். திரையை விட்டுக் கண் எடுக்காமல், "ஹாரன் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வீடு மாறிவிட்டது. காலையில் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வண்டியில் உட்காருவார். வாயும் திறந்துகொண்டது. எந்த ஊர்ச் சாலையில் மழை பெய்தால் எப்படி வழுக்கும், தூக்கம் வந்தால் எப்படி விரட்டுவது, இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்லாத கதையெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்தில் தையல் மிஷினை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவள் கேட்டாள். மேஜைக்கடியில் ஒயர்கள் அசிங்கமாகத் தொங்குகின்றன என்று பழைய திரைச்சீலையை வெட்டி, மேஜையின் முன்பக்கம் தரை வரை தொங்குகிற மாதிரி தைத்தும் மாட்டினாள். கம்ப்யூட்டர் பெட்டி அந்தத் துணிக்குப் பின்னால் போய்விட்டது. அவர் காலையும் துணிக்குள் நுழைத்துக்கொண்டு உட்காருவார்.

அதற்குப் பிறகு சில நாட்களில் தொல்லை தொடங்கியது.

மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை கறுத்தது. "கரண்ட் போச்சா?" என்று நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே முதலிலிருந்து உயிர் பெற்று எழுந்தது. ஓட்டிய தூரமெல்லாம் வீண். மறுநாளும் அப்படியே. சமதரையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. மலை ஏறினாலோ, சிக்னலில் நின்று கிளம்பினாலோ, எப்போது என்று சொல்ல முடியாமல் பட்டென்று அணைந்துவிடும்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பெண்ணை மனைவி அழைத்து வந்தாள். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். வந்ததும் துணியைத் தூக்கி, பெட்டியை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றினாள்.

"சூடாயி அணையுதோ என்னவோ அண்ணே. உள்ள பாருங்க, தூசி மெத்தை மாதிரி கிடக்கு."

ஊதித் துடைத்து, பிராசஸர் மேல் இருந்த காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். பிறகு அவளே உட்கார்ந்து மலைமேல் ஓட்டிப் பார்த்தாள். சூடு ஏறவில்லை, அணையவும் இல்லை. பெட்டியை மீண்டும் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். அவர் உட்கார்ந்தார். மூன்றாவது வளைவில் திரை கறுத்தது.

அடுத்த முறை அவள் வந்தபோது அவர் காத்துக்கொண்டிருந்தார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லவா? ஏத்தத்துல இழுக்கும்போதுதான் நிக்குது. வண்டியா இருந்தா டீசல் சரியா வரலன்னு சொல்லுவேன்."

"நானும் அதைத்தாண்ணே நினைச்சேன். மலை, காடுன்னு வந்தா படம் போடற கார்டு நிறைய கரண்ட் இழுக்கும். கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை தாங்கலன்னா இப்படித்தான் சொல்லாம கொள்ளாம அணையும்."

இரண்டு பேரும் ஒரே கட்சி. புது பவர் சப்ளை மாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றார்கள்.

பிறகு அவள் விடவில்லை. மெமரி அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தாள். சுவரில் இருந்த பிளக்கை மாற்றினாள். கம்ப்யூட்டருக்குள் பதிவாகியிருந்த பிழைச் செய்திகளைப் பார்த்தாள். சொல்லாமல் அணைந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பெட்டியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், மிகப் பாரமான கேம்களைப் பகல் முழுக்க ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, அவர் மலை ஏறினால் அணைந்தது.

"நீங்க தப்பா நினைக்கலன்னா ஒண்ணு சொல்றேன்க்கா. இதுல நான் பாக்காத இடம் இல்ல. எனக்கே தலை சுத்துது."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "உன் மேல குத்தம் இல்லம்மா. நீ ஓட்டினா ஓடுது, நான் ஓட்டினா நிக்குது. ஓட்டினது போதும்னு அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் சவரம் செய்யவில்லை. அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டே எழவில்லை. "மகள்கிட்ட சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். அவர் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்தப் பழைய நாட்கள் மனைவிக்கு ஞாபகம் வந்தன.

"எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்காக ஓட்டுங்க. சமதரையிலேயே ஓட்டுங்க. நான் கால்சட்டை மடிச்சுத் தைக்கணும், பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."

கெஞ்சலாகக் கேட்டதால் வந்து உட்கார்ந்தார். சமதரையில் கிளம்பியவர், கை அரிப்பு தாங்காமல் வண்டியை மலைப்பாதைக்குத் திருப்பினார். அவள் மிஷினில் துணியைத் திருப்பும்போது முழங்கை பட்டு, குண்டூசி டப்பா கவிழ்ந்தது. ஊசிகள் தரையெல்லாம் சிதறி, மேஜைக்கடியிலும் உருண்டன. அவர் காலில் குத்தினால் அவருக்குத் தெரியாதே என்ற பயத்தில், கையில் காந்தத்தோடு மண்டியிட்டுத் துணியைத் தூக்கினாள்.

உள்ளே அவருடைய இரண்டு கால்கள். வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. இடது கால் சும்மா கிடந்தது, எப்போதும்போல.

மேலே அவர் முணுமுணுப்பது கேட்டது. "இந்த வளைவுல கியரைக் குறைக்கணும். இல்லன்னா ஏறாது."

இடது கால் அசைந்தது.

குதிகால் தரையில் தேய, பாதம் முன்னால் போனது. கிளட்சை மிதிக்கிற மாதிரி. மிதிக்க அங்கே கிளட்ச் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டிதான் இருந்தது. பெருவிரல் பெட்டியின் முன்பக்கத்தில், கீழ்ப்பகுதியில் போய் இடித்தது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது.

"பாத்தியா? மறுபடியும் போயிடுச்சு!" என்று மேலே அவர் கத்தினார்.

அவள் மேஜைக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னாச்சு? ஊசி குத்திடுச்சா?"

"என்னங்க, உங்க கால் அசைஞ்சுது."

"எந்தக் கால்?"

"அந்தக் கால்தாங்க."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "ஆட்டு" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார் போலிருக்கிறது. கால் கேட்கவில்லை. "உனக்கு ஆசை. அதான் கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அவள் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை விடச் சொல்லி, அவருடைய வலது கையை எடுத்து இடது தொடைமேல் வைத்தாள். ஸ்டியரிங்கை அவளே பிடித்துக்கொண்டாள். "நீங்க ஆக்சிலேட்டரை மட்டும் மிதிங்க. எங்க கியர் மாத்தணும்னு சொல்லிட்டே வாங்க."

வாழ்க்கையில் ஸ்டியரிங்கைத் தொடாதவள். வண்டி சாலையை விட்டு இறங்கி ஏறியது.

"ஐயோ, இடது பக்கம் பள்ளம்! திருப்பு! கியரைக் குறை, கியரைக்..."

அந்தச் சொல்லோடு அவர் நின்றுவிட்டார். உள்ளங்கைக்குக் கீழே தொடைச் சதை இறுகி, எழும்பி, மெல்லத் தளர்ந்தது. லாரி பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கையை எடுக்கவே இல்லை. கண்ணீர் மீசைக்குள் இறங்கியது.

ரிப்பேர்க் கடைப் பெண் செய்தி கேட்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ரீஸ்டார்ட் பண்ற பொத்தான். நான் வரும்போதெல்லாம் பெட்டியை வெளிய இழுத்து வெச்சுத்தானேக்கா பாத்தேன். அப்ப அண்ணன் கால் அதுக்கு எட்டவே இல்லியே." பொத்தானின் ஒயரை உள்ளேயிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தாள். அடுத்த வாரம் கிளட்சோடு சேர்ந்த பெடல் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பொருத்தினாள்.

தெரபிஸ்ட் அம்மாள் மேஜைக்கடியில் தவழ்ந்து பார்த்தார். ஓட்டுகிற கவனத்தில், பழகிப்போன வேலையைக் கால் தானாகச் செய்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்றார். அதோடு, "முழுசா பழையபடி வரும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்" என்றும் சொன்னார்.

முழுசாக வரவில்லைதான். முதலில் கேமுக்குள் மட்டும் அசைந்த கால், பிறகு கேமை அணைத்த பின்னும் கொஞ்சம் கேட்கத் தொடங்கியது. கட்டிலில் படுத்தபடி "கிளட்ச்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு காலை நீட்டுவார். தெரபிஸ்ட் வரும் நாட்களில் இப்போது தூங்குவதில்லை, அந்த அம்மாள் வரத் தாமதமானால் வாசலைப் பார்த்துத் திட்டுவார். மரத்துப்போன தோலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அதனால் நடக்கும்போது கண் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கைத்தடி வந்த பிறகு, மனைவி பின்னாலேயே வர, முதல் தடவையாகத் தெரு முனை வரை யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போனார். போக வெகுநேரம் ஆனது, வர அதைவிட வெகுநேரம் ஆனது. வழியில் கதவைத் திறந்து பார்த்தவர்கள் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்த முனையில ஒருத்தன் லாரியை நிறுத்தியிருக்கான் பாத்தியா? பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு! ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனெல்லாம் லைசென்ஸ் வாங்கிடறான். நாளைக்குப் போயி அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கறேன்."

"கேளுங்க" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.